சவுனாவில் படித்த சட்டம்

இந்த முறை படித்தே தீருவது என்று ரெய்னோ சாரெலா சபதம் எடுத்துக்கொண்ட அன்றைக்குத்தான் ஏரி கெட்டியாக உறைந்து முடிந்தது.

சபதம் காலையில். மத்தியானமே பக்கத்து வீட்டு ஓலவி வேலிக்கு மேலே தலையை நீட்டி, பனிக்கட்டி இப்போது ஆளைத் தாங்கும் என்று செய்தி சொல்லிவிட்டான். அதில் ஓட்டை போட்டுத் தூண்டிலை இறக்கினால் ட்ரவுட் மீன் வரும். ரெய்னோ மேஜை மேல் இருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவனுக்கு மீன் பிடிக்கத்தான் பிடிக்கும். படிக்கப் பிடிக்காது.

தண்டர் பே ஊரில் பாலங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற சின்ன அலுவலகம் ஒன்றில் அவன் இன்ஜினியர். அந்த ஊரில் இன்ஜினியர் படிப்பு முடித்தவர்கள் போட்டுக்கொள்கிற இரும்பு மோதிரம் அவன் சுண்டு விரலில் ஏறிப் பல வருஷம் ஆகிறது. அவன் வரைந்த பாலம் எதுவும் இதுவரை ஆடியதில்லை. ஆனால் அத்தனை வரைபடத்திலும் முத்திரை மட்டும் முதலாளி கில்லிஸுடையது. முத்திரை போட ரெய்னோவுக்கு லைசென்ஸ் இல்லை. அனுபவச் சான்று, ஆள் சாட்சி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. பாக்கி ஒரே ஒரு பரீட்சை.

அதில் கணக்கு வந்தால் ரெய்னோ தூக்கத்திலேயே போட்டுவிடுவான். வராது. முழுக்கச் சட்டமும் தொழில் நெறியும்தான். அதாவது, 'நீ நல்லவனா?' என்று சுற்றி வளைத்துக் கேட்டு, நாலு விடை கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற பரீட்சை. போன வருஷம் எழுதினான். நல்லவன் இல்லை என்று பதில் வந்துவிட்டது.

"நாலு விடையுமே நல்லாத்தான் இருந்துச்சு," என்று அவன் அப்போது ஓலவியிடம் சொன்னான். "நல்லவனுக்கு எல்லாமே சரியாத்தான் தெரியும். கெட்டவனாப் பாத்து எழுதச் சொன்னா கரெக்டா எழுதுவான்."

இந்த வருஷம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. கில்லிஸ் குளிர்காலத்தோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் அலுவலகத்தில் யாருக்காவது லைசென்ஸ் வந்தால் அவருடைய நாற்காலி அவர்களுக்கு. இல்லாவிட்டால் டொரான்டோவிலிருந்து ஒருவன் வருவான். பனியில் கார் ஓட்டத் தெரியாத ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டு ரெய்னோவுக்குப் பாலம் கட்டச் சொல்லிக் கொடுப்பான்.

'யாருக்காவது' என்று கில்லிஸ் சொன்னதை ரெய்னோ 'ரெய்னோவுக்கு' என்றுதான் கேட்டான். அடுத்த மேஜையில் இருந்த அவன் மனைவி அய்லா, 'யாருக்காவது' என்றே கேட்டாள்.

அய்லாவும் இன்ஜினியர்தான். ஒரே வகுப்பு, ஒரே மாதிரி இரும்பு மோதிரம், அவளுக்கும் பாக்கி அதே பரீட்சை. மார்க்கு மட்டும் அவளுக்கு அதிகம். அது ரெய்னோவுக்குச் சீக்கிரம் மறந்துவிட்டது. காகித ஆலை மூடுகிற வரை அங்கே இருந்தாள். பிறகு இந்த அலுவலகத்துக்கு வந்து, ரெய்னோவின் வரைபடங்களைச் சரிபார்க்கிறாள். தப்பு இருந்தால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளியைப் பார்த்தாலே ரெய்னோவுக்குக் காது சிவந்துவிடும்.

அன்று சாயங்காலம் காப்பியும் புல்லா என்கிற இனிப்பு ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது அவன் தன் திட்டத்தை எடுத்து வைத்தான்.

"அய்லா, எனக்கு ஒரு யோசனை. இந்தப் புத்தகத்த நீ படி."

"நான் படிச்சா?"

"படிச்சிட்டு, சாரத்த மட்டும் எனக்குச் சொல்லு. சனிக்கிழமை சவுனாவுல எப்படியும் சும்மாதான உக்காந்திருக்கோம். நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன். நீ சொன்னா நல்லா மனசுல நிக்கும்."

"நீ என்ன பண்ணுவே?"

"கேக்கறதுக்கு மூளை தெளிவா இருக்கணும்ல. அதுக்கு வெளிக்காத்து வேணும்."

"ஏரிக் காத்தா?"

"எந்தக் காத்தா இருந்தா என்ன?"

அய்லா ரொட்டியை வெட்டி அவன் தட்டில் வைத்தாள். "சரி," என்றாள்.

அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்றதில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணுக்குள் ட்ரவுட் நின்றது.

அன்றிலிருந்து அய்லா படித்தாள். சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்க, இவன் ஏரியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். "மூளைக்காரன் புத்தகத்த தொடமாட்டான்," என்று பனிக்கட்டி மேல் உட்கார்ந்து ஓலவிக்கு விளக்கினான். "தொடற ஆள வச்சுக்குவான்."

சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சவுனாவில், அதாவது நீராவிக் குளியல் அறையில், வகுப்பு நடந்தது. மேல் பலகையில் ரெய்னோ. கீழ்ப் பலகையில் அய்லா. நடுவே கொதிக்கிற கல்.

"கவனக்குறைவுன்னு கேஸ் நிக்கணும்னா," என்று அய்லா தொடங்கினாள், "உனக்கு ஒரு கடமை இருக்கணும். அத நீ செய்யாம விட்டிருக்கணும். அதனால ஒருத்தருக்கு அடிபட்டிருக்கணும்."

"உதாரணம் சொல்லு. உதாரணம் இல்லாம எனக்கு ஏறாது."

"நம்ம வாசப்படி. அத சரிபண்றது யார் கடமை?"

"என்னது."

"பண்ணினியா?"

"பனி விட்டதும் பண்றேன்னு சொல்லியிருக்கேன்."

"நேத்து எங்க அக்கா சில்வி அதுல விழுந்தா."

"அடி பலமா?"

"இடுப்புல."

ரெய்னோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அவளும் கொஞ்சம் பாத்து வந்திருக்கலாம்ல?"

"அதுதான் அடுத்த பாடம். ரெண்டு பக்கமும் தப்பு இருந்தா பங்கு பிரிப்பாங்க."

"அவ பங்கு எவ்வளவு?"

"அத நீதிபதி சொல்லணும். நீதிபதி சில்வியோட தங்கச்சி. நாளைக்குப் படிய சரிபண்ணு."

படி சரியாயிற்று. ஒப்பந்தச் சட்டம் வந்த வாரத்தில் கொட்டகைக் கதவு சரியாயிற்று. வாயால் சொல்லி, எதிராளி ஒத்துக்கொண்டு, பதிலுக்கு ஏதாவது கைமாறினால் அதுவும் ஒப்பந்தம்தான் என்று அய்லா சொன்னாள். போன கோடையில் அவளிடம் அவன் வாங்கித் தின்ற பெர்ரி அடையும், அதற்குப் பதிலாகக் கதவைச் சரிபண்ணித் தருவதாகச் சொன்ன வார்த்தையும் சேர்ந்து கதவாக முடிந்தன. பாடம் ஏறியதோ இல்லையோ, வீடு புதுசாகிக்கொண்டே வந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை, ரெய்னோ கல் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அய்லா சொன்னாள்: "ரெய்னோ, நானும் இந்தப் பரீட்சைய எழுதலாம்னு இருக்கேன். உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

கல் சீறியது. ரெய்னோவின் மனசு அறுந்துபோன தூண்டில் நூலில் இருந்தது. "ம்ம். தாராளமா."

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா?"

"தாராளமான்னேனே. அந்தப் பச்சை நூல் எங்க வச்சே?"

அய்லா பச்சை நூல் இருக்கிற இடத்தைச் சொன்னாள்.

பரீட்சையை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் வேறு ஒரு தலை தெரிந்தாலும் தாள் செல்லாது.

"நீ வீட்டுலயே இருக்கக் கூடாது," என்றான் ரெய்னோ அன்று காலை, மிகுந்த அதிகாரத்துடன். "ரூல்ஸ்."

"நான் சில்வி வீட்டுக்குப் போறேன். அவ மாடி அறை காலியாத்தான் இருக்கு."

"மாடி அறை எதுக்கு உனக்கு?"

"எனக்கும் அமைதியா ஒரு இடம் வேணும்ல," என்று சொல்லிவிட்டு அய்லா காரை எடுத்துக்கொண்டு போனாள். அவன் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

கேள்விகள் வந்தன. என்ன ஆச்சரியம், எல்லாம் தெரிந்த கேள்விகள். ஒரு ஒப்பந்தக்காரன் வாய்வார்த்தையை மீறினான் என்று வந்தது. ரெய்னோவுக்குக் கொட்டகைக் கதவு தெரிந்தது. ஒரு கட்டடத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தான் என்று வந்தது. ரெய்னோவுக்குச் சில்வியின் இடுப்பு தெரிந்தது. முடித்து எழுந்தபோது ஏரியில் நாள் முழுக்க மீன் கடித்த மாதிரி இருந்தது.

முடிவு வந்த அன்று ரெய்னோ இரண்டு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தான். தேறிவிட்டான். நல்லவன்தான் என்று சர்க்காரே ஒத்துக்கொண்டது போல நடந்தான்.

கில்லிஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "ரெண்டு பேருக்கும் வாழ்த்து."

"ரெண்டு பேருக்குமா?"

அய்லா பென்சிலைச் சீவிக்கொண்டே நிமிர்ந்தாள். "நானும் பாஸ். சவுனாவுல கேட்டேனே. தாராளமான்னியே."

ரெய்னோ டோனட் பெட்டியைக் கீழே வைத்தான். சொன்னது ஞாபகம் வந்தது. பச்சை நூலும் ஞாபகம் வந்தது. ஆனாலும் அவன் கலங்கவில்லை. நாற்காலி ஒன்றுதான், அனுபவம் தனக்குத்தான் அதிகம் என்று தேற்றிக்கொண்டான்.

மறுநாள் கில்லிஸ் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவருக்கு நேர் எதிரே இருந்தபடி அந்த நாற்காலியை ரெய்னோ ஒருமுறை அளந்தான். முதுகு சாய்கிற நாற்காலி.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் கில்லிஸ். "போன வருஷம் நீ தேறல. இந்த வருஷம் தேறிட்டே. என்ன மாறுச்சு?"

ரெய்னோவின் கண் முன்னால் பரீட்சைத் தாள் வந்து நின்றது. அ: உழைப்பு. ஆ: அதிர்ஷ்டம். இ: பேச்சை மாற்றுவது. ஈ: அய்லா. முதல் விடையைச் சொன்னால் நாற்காலி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கில்லிஸுக்குத் தெரியவா போகிறது? ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, நாலில் ஒன்றுதான் அவனுக்குச் சரியாகத் தெரிந்தது.

"அய்லாதான்," என்றான். "புத்தகத்த நான் தொடவே இல்ல. அவ படிச்சு எனக்குச் சொன்னா."

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. லேசானதும் நிறுத்தத் தெரியவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன். கரடியாத்துப் பாலத்துல, கரையோரத் தூணுக்கு நான் போட்ட ஆழம் பத்தாது. அத அவதான் புடிச்சா. ஒரே ஒரு புள்ளி வச்சா. நீங்க என்னைத்தான் பாராட்டினீங்க. நான் சும்மா இருந்துட்டேன். அது அவ பாலம்."

கில்லிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி ஒருத்தன் தன்னைப் பத்தியே உண்மை பேசி நான் கேட்டதில்ல, ரெய்னோ."

ரெய்னோவின் நெஞ்சு நிமிர்ந்தது. நேர்மைக்குப் பரிசு உண்டு என்று அந்தத் தடிப் புத்தகத்தில் எங்கோ இருக்கும் என்று தோன்றியது.

"நான் தவிச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார் கில்லிஸ். "இப்ப சந்தேகமே இல்ல. நாற்காலி அய்லாவுக்கு."

வீட்டுக்குப் போகிற வழியில் ரெய்னோதான் காரை ஓட்டினான். பின்னால் வந்த பனி தள்ளும் வண்டிக்கு வழி விட்டுவிட்டுக் கேட்டான்: "உன்னையும் கூப்பிட்டுக் கேட்டாரா?"

"நேத்தே கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. ரெய்னோவ கேளுங்க, அவனுக்குப் பொய் சொல்ல வராதுன்னேன்."

"அவ்வளவுதானா?"

"நானே என்னைப் பத்திச் சொன்னா பெருமை பீத்திக்கற மாதிரி இருக்கும். அந்தப் பாலத்துக்கு ஒரு நல்ல சாட்சி வேணும்னு ரொம்ப நாளா இருந்தேன். உன்னை விட நல்ல சாட்சி யாரு?"

அவனுக்குக் கோபம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அதில் பாதி போய்விட்டது. சரியாக்கிய வாசற்படியில் அவள் வழுக்காமல் ஏறிப் போவதைப் பார்த்ததில் மீதியும் போயிற்று. ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அவனே வேலிப் பக்கம் போய், "எங்க வீட்டுல இனிமே மேனேஜர் இருக்கா," என்று ஓலவியிடம் சொன்னான். குரலில் அவ்வளவு பெருமை இருக்கும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

குளிர்காலம் முடிகிற சமயம் கில்லிஸ் விடைபெற்று ஃப்ளோரிடா வெயிலுக்குப் போனார். அய்லா அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏரியில் பனிக்கட்டி இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும் என்று ஓலவி எச்சரித்தான். ரெய்னோ முறையாகக் கதவைத் தட்டி, உள்ளே போய், ஒரு வாரம் லீவு கேட்டான்.

"அத நான் தர முடியாதே," என்றாள் அய்லா. "நீ என் புருஷன். உனக்கு நானே சலுகை குடுத்தா தொழில் நெறிக்கு ஆகாது."

"அப்ப யாருதான் தரணும்?"

"கில்லிஸ்கிட்டதான் கேக்கணும். ஆபீஸ் இன்னும் அவரோடதுதான்."

"அவரு ஃப்ளோரிடாவுல இல்ல இருக்காரு?"

"பனி உருகினதும் வந்துடுவாரு. வந்ததும் கேட்டுச் சொல்றேன்."