குணசுந்தரியின் கிளட்சும் சுப்பராயலுவின் எண்ணெயும்

குறி சொல்லி, கோள் சொல்லி என்ற வரிசையில் எண்ணெய் சொல்லி என்றும் ஓர் இனம் உண்டு. முழங்கால் வலித்தாலும், மிக்ஸி கத்தினாலும், மருமகன் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும், எல்லாவற்றுக்கும் காரணம் தப்பான எண்ணெய், எல்லாவற்றுக்கும் பரிகாரம் வேறொரு எண்ணெய் என்பது இந்த இனத்தின் கொள்கை. பல்லி சொன்னால்கூடப் பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறது. இவர் சொல்வதற்குப் பலன் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். கேட்காதபோதுதான் இன்னும் நன்றாகச் சொல்வார்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமா? பழவேற்காட்டுக்குப் போங்கள். மீன் மார்க்கெட்டுக்கு எதிரே ஐஸ் டெப்போ வைத்திருக்கும் சுப்பராயலுவை விசாரியுங்கள். ஐஸுக்கு எண்ணெய் தேவையில்லை. அதனால் அவருக்கு ஊரின் எண்ணெய்களைக் கவனிக்க நிறைய நேரம் இருந்தது. இளமையில் கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி ஷெட்டில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். படிப்பு அதுதான். எந்த எண்ணெயைக் கண்டாலும் ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மோந்து பார்த்து, ஏரிப் பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு, “இது பத்தாது” என்பார். அவர் வீட்டு வாசற்கதவு மட்டும் வெகுகாலமாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. எந்த எண்ணெய் விடுவது என்று அவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அடுத்த வீட்டுத் திருவேங்கடத்தின் மகள் குணசுந்தரி மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை பார்த்தாள். சேர்த்து வைத்த காசில் ஒரு பழைய ட்ரையல்ஸ் பைக்கை வாங்கி வந்தாள். பாறைமேலும் மரக்கட்டைமேலும் நடை வேகத்தில் ஏறி இறங்குகிற போட்டிக்கென்றே செய்த வண்டி அது. ஓட்டுகிறவர் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும் என்பதால் அதற்கு சீட்டே கிடையாது.

“சீட்டு பின்னாடி தனி பார்சல்ல வருதா?” என்று கேட்டார் சுப்பராயலு.

“சீட்டு கெடையாது மாமா. காலைத் தரையில ஊணாம ஓட்டணும். ஊணுனா பாயிண்டு போச்சு. எல்லாம் கிளட்சுலதான் இருக்குது.”

பெரிய மோட்டார் கம்பெனி ஒன்று, ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு கைவிட்ட கல்குவாரியில் போட்டி நடத்தப்போகிறது, முதல் ஐந்து இடத்தில் வருகிறவர்களுக்குப் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் வேலை கொடுக்கப்போகிறது என்று அவள் சொன்னாள். பெட்டி கட்டிக் கட்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. முகத்துவாரத்துக் கருங்கல் குவியலில் தினமும் பழகினாள். வண்டியில் ஒரே ஒரு குறை. கிளட்சை முழுக்கப் பிடித்தாலும் வண்டி நிற்காமல் மெல்ல நகர்ந்தது. பாறை உச்சியில் நகர்ந்தால் என்ன ஆகும்? கீழே ஆகும். என்ன எண்ணெய் என்று எழுதியிருந்த ஸ்டிக்கர் உப்புக் காற்றில் எப்போதோ உரிந்துபோயிருந்தது. விற்ற ஆளோ வெளிநாடு போய்விட்டான்.

இதை அவள் ஐஸ் டெப்போ வாசலில் வைத்துச் சொன்னாள். வேறு எங்கு வைத்து வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

“கிளட்ச் தட்டு எண்ணெயிலதான முங்கிக் கெடக்குது?” என்றார் சுப்பராயலு.

“ஆமா மாமா.”

“அப்ப எண்ணெதான். கெட்டியா ஊத்து. மீன்புடி போட்டு இன்ஜினுக்கு ஊத்துறோமே, அது மாதிரி. கடலையே தாங்குது, இத்த தாங்காதா?”

ஊற்றினாள். மறுநாள் காலை கிளட்சைப் பிடித்துக்கொண்டே கியர் போட்டாள். தட்டுகள் ஒன்றோடொன்று அல்வாவாக ஒட்டிக்கொண்டிருக்க, வண்டி பிடித்த கிளட்சைச் சட்டையே செய்யாமல் பாய்ந்து, மார்க்கெட்டில் நண்டு விற்கும் முத்தம்மாளின் கூடைமேல் ஏறி நின்றது. கால் ஊன்றாமல்தான் ஏறியது. ஆனால் அதற்கு யாரும் பாயிண்டு தரவில்லை. நண்டுகள் நாலு திக்கிலும் போயின.

“எவன்டி உனுக்கு இத்த சொன்னது?” என்றாள் முத்தம்மாள்.

சுப்பராயலு அந்நேரம் ஐஸ் உடைப்பதில் மிகவும் மும்முரமாக இருந்தார்.

சாயங்காலம் அவரே வந்தார். “எண்ணெ தப்பில்லமா. உன் வண்டிக்கு அத்த வாங்கிக்கிற தெம்பு இல்ல. லேசாக்கிடலாம். தையல் மிஷின் எண்ணெயில ரெண்டு மூடி கெரசின் உடு.”

விட்டாள். இப்போது கிளட்சை விட்டாலும் தட்டுகள் வழுக்கின. இன்ஜின் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

“நவுருதுன்னு சொன்னியே, இப்ப நவுருதா?” என்று கேட்டார் சுப்பராயலு. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

இந்த இனத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று கூவினால் இன்னொன்று பதில் கூவும். கருவாட்டு மொத்த வியாபாரி ரியாசுதீன் பாய் சத்தம் கேட்டு வந்தார்.

“அண்ணே, எண்ணெயப் பத்தி எங்களுக்குச் சொல்லாதீங்க. டச்சுக்காரன் கப்பலுக்கே எண்ணெ குடுத்த வம்சம் எங்க வம்சம். வெளக்கெண்ணெ கலக்கச் சொல்லுங்க.”

“அந்தக் கப்பல் இப்ப எங்க பாய்?”

“முழுகிப் போச்சு.”

“அதான் கேட்டேன்.”

இருவரும் இருட்டும்வரை வாதாடினார்கள். யார் பக்கம் நியாயம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. குணசுந்தரி எண்ணெயை வடித்துவிட்டு, மூடியைக் கழற்றி, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவள் வெறும் வண்டிக்காரி.

போட்டிக்கு வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தபோது, சுப்பராயலு மறுபேச்சில்லாமல் ஐஸ் வேனைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைய வியாபாரத்தையும் விட்டுவிட்டு அவரே ஓட்டினார். இதையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணெய் சொல்லிகள் கெட்டவர்கள் அல்லர். கெட்டவர்களாக இருந்தால் தப்பிப்பது சுலபம். வேன் சீட்டுக்குப் பின்னால் அவர் சொந்தத்தில் கலந்த எண்ணெய் டப்பா ஒன்றும் இருந்தது. பைக்கில் அவள் இன்னும் எண்ணெய் ஊற்றவில்லை. போட்டிக்கு வருகிற அனுபவசாலிகளைக் கேட்டு ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

குவாரிக்குள் இறங்கியதும் சுப்பராயலு பிரமித்து நின்றார். கூடாரத்துக்குக் கூடாரம் அதே பேச்சு. ஒருவன் காருக்கு விடுகிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்தான் அமிர்தம் என்றான். அதை ஊற்றினால் கிளட்ச் கரிந்துவிடும் என்றான் அடுத்தவன். டப்பாவில் போட்டிருக்கும் கெட்டி நம்பர் எழுபத்தைந்து இருக்க வேண்டும் என்றான் ஒருவன், எண்பது என்றான் இன்னொருவன். எண்பது ஊற்றியவன் போன வருடம் கோப்பை வாங்கியிருந்தான். கரிந்துபோகிற ஆயிலை ஊற்றியவன் அதற்கு முந்தின வருடம் வாங்கியிருந்தான். தன் ஜாதிசனம் இத்தனை பேரை ஒரே இடத்தில் சுப்பராயலு ஆயுளில் பார்த்ததில்லை. பூரித்துப்போய் ஒரு கும்பலை நெருங்கினார்.

“தம்பி, கையில தொட்டுப் பாத்தியா?”

“அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

அவர் தள்ளி நின்றார். டப்பாவை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். சொல்லுகிற இடத்தில் இருந்தே பழகியவர், கேட்க ஆளில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் பார்த்தார். நன்றாக இல்லை.

குணசுந்தரி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஆளுக்கொன்றாகக் கொடுத்த எண்ணெய் பாட்டில்கள். பேர் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. “மாமா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?”

அவர் வாயைத் திறந்தார். அப்போது அவள் இடதுகை கண்ணில் பட்டது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து விரல்களில் கொப்புளம் கிளம்பி உடைந்து, துணி சுற்றியிருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணெயையும் அந்தக் கைதான் ஊற்றி, அந்தக் கைதான் வடித்திருந்தது.

“எனக்குத் தெரிலமா” என்றார் சுப்பராயலு.

அந்த வார்த்தையை அவர் அதற்கு முன் உபயோகித்ததாகத் தகவல் இல்லை.

குணசுந்தரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்: “கெட்டியா ஊத்துனோம், ஒட்டிக்கிச்சு. கெரசின் கலந்தோம், வழுக்கிச்சு. தட்டு ஒட்டவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அவ்ளோதான விஷயம்?” பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். எண்ணெயில் மூழ்கிய கிளட்சுக்கென்றே செய்தது என்று ஒன்றில் போட்டிருந்தது. லேசான கியர் ஆயில். அளவு பார்த்து அதை ஊற்றினாள். கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டித் தட்டுகளைப் பிரியவிட்டாள். பிறகு இன்ஜினை உதைத்தாள்.

கடைசிக் கட்டம் ஈரப்பாறை. நடுவில் ஒரு குறுகலான விளிம்பில் வண்டியை நிறுத்தி, திரும்பி, மேலே தாவ வேண்டும். எண்பதுக்காரன் அங்கே கால் ஊன்றினான். எழுபத்தைந்துக்காரன் வண்டியோடு புரண்டான். குணசுந்தரி விளிம்பில் நின்றாள். கிளட்ச் பிடித்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை. கீழே சுப்பராயலுவின் இடதுகையும் காற்றில் எதையோ இறுகப் பிடித்திருந்தது. அவள் விட்டாள். வண்டி துள்ளி மேலே போயிற்று. அப்புறமும் வெகுநேரம் அவர் கையை விடவில்லை.

ஐந்தாவது இடம். போதும். வேலை கிடைத்துவிட்டது.

மார்க்கெட்டில் கூட்டம் காத்திருந்தது. யாரும் எந்த இடம் என்று கேட்கவில்லை. எந்த எண்ணெய் என்றுதான் கேட்டார்கள். வேனிலிருந்து இறங்கிய சுப்பராயலு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தட்டு ஒட்டவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அவ்ளோதான விஷயம்? நான் ஆரம்பத்துலேந்து இத்தத்தான சொல்றேன்?”

“நானும் அதத்தான் சொன்னேன்” என்றார் ரியாசுதீன் பாய்.

குணசுந்தரி, முத்தம்மாளின் கூடையைச் சுற்றிக்கொண்டு, வண்டியை ஜாக்கிரதையாக வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

நீங்கள் இதையெல்லாம் படித்துச் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் அவள் கெட்டி எண்ணெயை ஊற்றியபோது, “அட, அதை ஊற்றுவார்களா, லேசானதல்லவா ஊற்ற வேண்டும்” என்று உள்ளுக்குள் முனகினீர்களா இல்லையா? ட்ரையல்ஸ் வண்டியை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா? போகட்டும். போன வாரம் எதிர்வீட்டுக்காரர் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, பல் துலக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, வாயில் நுரையோடு வாசலுக்கு வந்து ஒரு யோசனை சொன்னீர்களே.

அவர் கேட்டாரா?