சகாயராணி கணக்கில் தேறிய கதை

பொதுமக்கள் நலன் கருதியும் நீர் நிர்வாகத்தின் மேன்மை கருதியும் பிறப்பிக்கப்பட்ட அந்த உத்தரவு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பகுதி மேற்பார்வையாளர் திருவேங்கடம். வாங்கிக்கொண்டவர் சகாயராணி, பதினாலு வருஷமாக அந்தத் தொட்டிக்கு வால்வு திறந்து மூடும் தற்காலிக ஊழியர். வேடிக்கை பார்த்தவன் நான். ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை?

"தொட்டி இயக்குநர்கள் முப்பது நாளுக்குள் அடிப்படைக் கணிதத் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். தவறினால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள்" என்று வாசித்தார் திருவேங்கடம்.

"தேதி என்ன சார் போட்டிருக்கு?"

"ஒண்ணாந்தேதி."

"இன்னைக்கு இருபத்திமூணு. இருபத்திரண்டு நாள் போயிடுச்சு. எனக்கு எட்டு நாள்தான் இருக்கு."

திருவேங்கடம் செல்போனில் தட்டிப் பார்த்தார். "எட்டேதாம்மா! கரெக்டா சொல்றியே!"

"அப்ப எனக்குக் கணக்கு தெரியுதுதானே சார்?"

"தெரியுது. ஆனா தகுதி இல்லையே."

அந்தம்மா வேலை பார்க்கும் அழகைச் சொல்ல வேண்டும். ஏறுகுழாயில் காதை வைப்பார். சத்தம் கனத்தால் முக்கால் தொட்டி, மெலிந்தால் நிறைந்துவிட்டது. உடனே வால்வை மூடுவார். பதினாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, போன பங்குனியில், காய்ச்சலோடு வந்து கண்ணசந்துவிட்டார். தொட்டி எட்டு நிமிஷம் வழிந்தது. அதில் என் புது வேட்டி நனைந்தது. இந்தக் கதைக்கு அது தேவையில்லை, சும்மா சொல்லிவைத்தேன்.

"இந்த வேலை போனா என் பொண்ணு லின்சி காலேஜை நிறுத்தணும் சார். அவங்க அப்பாவும் இல்ல" என்றார் சகாயராணி. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அன்றைக்கே அவரைத் தென்னூருக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு மாடியில் "மின்னல் கணிதம்: ஏழே நாளில் தகுதி" என்று போர்டு. திருச்சியில் இப்போது இதுதான் ஃபேஷன். முடி வெட்டுகிறவருக்கு ஒரு சான்றிதழ், மாவு அரைக்கிறவருக்கு ஒரு சான்றிதழ், அதையெல்லாம் லேமினேட் செய்கிறவருக்கும் ஒரு சான்றிதழ். மாஸ்டர் பெயர் பாசில், இளைஞர், நல்ல பிள்ளை.

"அக்கா, புரியணும்னு மட்டும் அடம் பிடிக்காதீங்க. புரியறது ரெகுலர் பேட்ச், அது ஆறு மாசம். நீங்க மின்னல் பேட்ச்."

அஞ்சாம் நாள் கட்டாயக் கேள்வி வந்தது. மற்றதில் எத்தனை மார்க் வாங்கினாலும் இதில் தவறினால் பெயில்.

"ஒரு குழாய் தொட்டியை நாலு மணி நேரத்துல நிரப்பும். அடியில இருக்கிற இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்துல காலி பண்ணும். ரெண்டையும் சேர்த்துத் திறந்தா எப்ப நிறையும்?"

சகாயராணி கொதித்துப்போனார். "ரெண்டையும் எதுக்குத் தம்பி திறக்கணும்? அடிக்குழாய் தொட்டி கழுவறப்ப மட்டும்தான். தண்ணி ஏத்தறப்ப எவனாவது திறந்து வைப்பானா?"

"வினாத்தாள்ல திறந்துதான்க்கா வெச்சிருக்காங்க. பன்னிரண்டுன்னு எழுதிட்டு வாங்க."

ஏழாம் நாள் பரீட்சை. எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதியவர், தொட்டிக் கணக்குக்கு மட்டும் இப்படி எழுதினார்: "முதலில் அடிக்குழாயை மூடவும். பிறகு நாலு மணி நேரம். திறந்து வைத்தவர் பெயரைத் தெரிவிக்கவும்."

பெயில்.

எட்டாம் நாள் உடனடி மறுதேர்வு. "பன்னிரண்டுன்னு எழுதித் தொலைங்கம்மா, லின்சியை நினைச்சுப் பாருங்க" என்று வாசலில் நின்று கெஞ்சியவன் நான்தான். எழுதினார். தேறினார். லின்சி சான்றிதழை ஸ்டேட்டஸில் வைத்தாள். தெருவே கூடி அந்தம்மாவுக்குச் சால்வை போர்த்தியது.

மறுநாள் காலை எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டியில் இரண்டு குழாயும் திறந்திருந்தன. ஒன்றில் ஏறுகிற தண்ணீர் இன்னொன்றில் இறங்கிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சகாயராணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது அநியாயம்?"

"புதுப் படிவம் வந்திருக்கு சார். 'சான்றிதழில் கற்ற முறைப்படி பணியாற்றப்படுகிறதா?' ஆமான்னு தினமும் கையெழுத்துப் போடணும். நாலு மணி நேரத்துல நிறைஞ்சா, காப்பி அடிச்சுப் பாஸானேன்னு ரத்து பண்ணிடுவாங்களாம். காலையில அஞ்சுக்குத் திறந்தேன். சாயங்காலம் அஞ்சுக்கு நிறையும், வாங்க."

இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஊரில் நாங்கள் காலிக் குடத்தோடு நின்றோம். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் அலுவலகத்துக்கே போய்க் கத்தினேன்.

"எந்த முட்டாள் சார் இப்படி உத்தரவு போடச் சொன்னது?"

திருவேங்கடம் கோபப்படவில்லை. கோப்பைப் பிரித்து நிதானமாக வாசித்தார். "'தொட்டி நிறையும் நேரத்தைக் கணக்கிடவும் தெரியாத, தகுதியற்ற ஒருவரால் தண்ணீர் வீணாகிறது. தகுதியை உறுதி செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' பங்குனி மாச மனு. நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து ஜெய்சங்கர், ரயில்வே ஓய்வு. நீங்கதானே சார்?"

நான்தான். வேட்டி காய்வதற்குள் எழுதியது.

"வாபஸ் வாங்கிக்கறோம் சார்."

"தாராளமா. ஆனா இப்ப நீர் சம்பந்தமா எது எழுதிக் கொடுக்கறதுன்னாலும் அடிப்படைக் கணிதத் தகுதி வேணும். வாபஸுக்கும்தான்."

நாற்பத்திரண்டு பேரும் மின்னல் பேட்சில் சேர்ந்தோம். அதே கட்டாயக் கேள்வி. ஒருவர்கூட அடிக்குழாயை மூடவில்லை. எல்லாரும் பன்னிரண்டு என்று எழுதி ஒரே தடவையில் தேறினோம். வாபஸ் மனுவோடு சான்றிதழ்களை நீட்டினேன். திருவேங்கடம் விடைத்தாள்களை வரவழைத்துப் பார்த்தார்.

"பன்னிரண்டு மணி நேரம்தான் சரின்னு நாற்பத்திரண்டு பேரும் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் என்ன குறை?" என்று தள்ளுபடி முத்திரை குத்தினார்.

மறுநாள் விடிகாலை தொட்டிப் பக்கம் போனேன். சகாயராணி வால்வுச் சாவியோடு வந்தார்.

"பரீட்சை என்னாச்சு சார்?"

"பாஸ்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"சந்தோஷம் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடிக்குழாயைத் திறக்கணும். வேட்டி நனைஞ்சா மறுபடி மனு எழுதுவீங்க."