ரங்கநாயகி டாக்கீஸைச் சுற்றிப் பார்க்க வந்தவர்

வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடியும் கொட்டாவி விட்டார். ரேணுகா அவர் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

மற்றவர்கள் விட்டால் விட்டுவிட்டுப் போகட்டும். இவர் விடலாமா? ரங்கநாயகி டாக்கீஸுக்கு இவர்தானே சொந்தக்காரர்!

இவர்தான் என்று யாரும் கை காட்டவில்லை. "ஓனர் பாபு சார் இன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கார் ஆன்ட்டி. நாம யாரும் அவரைப் பார்த்ததில்ல. அவர் மனசு வெச்சா தியேட்டர் தப்பிக்கும், இல்லேன்னா இடிச்சு ஃபிளாட்டுதான்" என்று ஸ்வாதி காலையில் சொன்னதோடு சரி. பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் குழுவை நடத்துகிற ஐ.டி. பெண் அவள்.

வந்தவர்களெல்லாம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் தூணைத் தட்டினார், கதவைத் தடவினார், சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளையைத் தடவுகிற மாதிரித் தடவுகிறவர் சொந்தக்காரராக இல்லாமல் வேறு யாராம்? ரேணுகா முடிவு கட்டிவிட்டாள்.

அவள் புருஷன் ராமன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் தச்சுப் பிரிவில் இருந்தவர். போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூரில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, அவர் புழங்கிய இடமென்று அவளுக்கு மிஞ்சியது இருவரும் சேர்ந்து படம் பார்த்த இந்தத் தியேட்டர் பால்கனிதான். இதையும் இடித்துவிட்டால் மனுஷரை எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் முட்டிவலியோடு வாலண்டியர் பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாமா இது, மொத்தமும் உளுத்துப்போய்க் கீது. இதுல பாக்கிறதுக்கு இன்னா கீது?" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். வாசல் பக்கம் ஒரு காலையும் எடுத்து வைத்துவிட்டார்.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க சார்! பெயிண்டைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. உள்ளே அசல் பர்மா தேக்கு!"

வீட்டுச் சாவியை எடுத்துக் கதவைச் சுரண்டினாள்.

"ஆன்ட்டி! எதையும் தொடாதீங்கன்னு நாமதானே நோட்டீஸ் ஒட்டியிருக்கோம்!" என்று ஸ்வாதி பல்லைக் கடித்தாள்.

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "கதவு ஷோக்காத்தான் கீது. கதவு மட்டும் இருந்தா போதுமா?"

போதாதாமே! ரேணுகா அவரைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைப்பிடியில் சுற்றியிருந்த ரெக்ஸினை ஒரு இழுப்பு இழுத்தாள். அது டர்ரென்று கிழிந்து, உள்ளிருந்த மக்கிய பஞ்சு பறந்து, பின்னால் வந்தவர்கள் வரிசையாகத் தும்மினார்கள். இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினார்கள்.

"ஒரே கட்டை சார். ஒட்டே கிடையாது!"

அவர் கைப்பிடியைச் சாண் சாணாக அளந்தார். பாசத்தில் அளக்கிறார் என்று ரேணுகாவுக்குக் கண் கலங்கியது.

"மேல?" என்று கேட்டார்.

ஆண்டவனே, ஆள் வழிக்கு வருகிறார்! ரேணுகா யோசிக்கவில்லை. கையிலிருந்த குடையின் முனையால் பொய்க்கூரை அட்டையை ஓங்கிக் குத்தினாள்.

ஒரு அட்டைக்குப் பதில் ஒரு வரிசையே வந்து விழுந்தது. கூடவே புறா எச்சமும் புழுதியும். கூட்டம் அலறியடித்துக்கொண்டு படியிறங்கியது. "போச்சு! எல்லாம் போச்சு!" என்று தலையில் கை வைத்தபடி ஸ்வாதியும் பின்னாலேயே ஓடினாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் அசையவில்லை. புழுதிக் கோலத்தில் அண்ணாந்து நின்றார். மேலே, சுவருக்குச் சுவர், கன்னங்கரேலென்று தேக்கு உத்தரங்கள்.

"இத்தினி தபா வந்தும் இது எனக்குத் தெரியலியேம்மா! யார் சொன்னா உனக்கு?"

"என் வீட்டுக்காரர் சார். இடைவேளையில எல்லாரும் முறுக்கு வாங்கப் போவாங்க. இவர் மட்டும் மேலேயே பார்த்துக்கிட்டு, 'ரேணு, இந்த மாதிரி மரம் இனிமே கிடைக்காதுடி'ன்னுவார். ஏ.சி. போட்டப்போ மூடிட்டாங்க. அன்னைக்கு அவர் சாப்பிடவே இல்ல." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவர் கைகூப்பினார். "உன் ஊட்டுக்காரரு சொன்னது நூத்துக்கு நூறு நெசம்மா. நான்தான் பாக்காம விட்டுட்டேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

ரேணுகா வழக்கமான தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, "காப்பாத்திட்டேங்க" என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு வந்தது.

வாட்ச்மேன் ஜேம்ஸ் துடைப்பத்தோடு மேலே வந்தார்.

"ஜேம்ஸ் அண்ணே, ஓனர் சார் மனசு மாறிட்டார்! பார்த்தீங்கல்ல?"

"ஓனரா? அவரு இந்தப் பக்கமே வரலம்மா. இவரு கட்டடம் இடிக்கிற காண்ட்ராக்ட்காரரு, 'உளுத்த கொட்டாய், இடிச்சா கைக்காசுதான் போவும்'னு இத்தினி நாளா வேணான்னுகினு இருந்தவரு, இப்ப நீ காட்டுன மரத்தைப் பாத்துட்டு நாளைக்கே ஆளைக் கொண்டாறேன்னு ஓனருக்குப் போன்ல வாக்கு குடுத்துகினு கீறாரு!"