வீட்டுக்கு எதற்கு நங்கூரம்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் வாயால் சொல்ல, அத்தை கையால் எழுதும் கடிதம். எனக்கு எழுத வராது. இவளுக்கு எழுத ஆரம்பித்தால் நிறுத்த வராது. இங்கே அனைவரும் நலம், என் வலது விலாவைத் தவிர. அங்கே நீங்களும் என் மகளும் நலம்தானே?

விஷயம் இதுதான். போன முறை வந்தபோது கூரை முகட்டில் ஓர் இரும்பு வளையத்தை முடுக்கிவிட்டு, "இதுக்குப் பேர் ஆங்கர், மாமா. இனிமே மேல ஏறினா இதுல கயித்தை மாட்டிக்கிட்டுதான் ஏறணும்" என்றீர்களே, அதைக் கழற்றிக்கொண்டு போகவும். ஆங்கர் என்றால் நங்கூரமாம், இவள் சொன்னாள். அது கப்பலுக்குப் போடுவது. இந்த வீடு எங்கே புறப்பட்டுப் போகிறது? முதன்முதலில் இங்கே வந்த அன்றே நீங்கள் என் மகளைப் பார்க்காமல் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தீர்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்றதற்கு, "மூலைத் தகட்டுல ஒரு ஆணி எழும்பியிருக்கு" என்றீர்கள். நான் எதையும் மறப்பதில்லை.

வியாழக்கிழமை மழைத்தண்ணீர்க் குழாயில் சருகு அடைத்துக்கொண்டது. தோளிலும் தொடையிலும் நீங்கள் தந்த வாரை மாட்டிக்கொண்டு ஏறினேன். நீங்கள் முடிச்சுப் போட்டுக் குறுக்கிய கயிறு ஓரம்வரை எட்டவில்லை. எட்டாமல் இருக்கத்தான் அந்த முடிச்சு என்று இவள் குறுக்கே எழுதுகிறாள், எழுதட்டும். முடிச்சை அவிழ்த்து இரண்டு முழம் நீட்டினேன். பாசி வழுக்கியது. அடுத்த நிமிடம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறேன், உள்ளே இவள் வெங்காயம் நறுக்குகிறாள்.

"என்ன இது, வாசக்கதவு தொறந்துதானே கெடக்கு?"

"சருகு எடுக்க வந்தேன்."

"எடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

பக்கத்து வீட்டுத் தச்சர் ஏணியோடு வரும்வரை ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அதான் வளையம் பிடிச்சிருக்கே, நீ எதுக்குடி பிடிக்கிற?" என்றேன். "அது இரும்பு. அதுக்கு என்ன தெரியும்?" என்றாள். தன் கண் கலங்கியது வெங்காயத்தால் என்று இவளே போட்டுக்கொள்கிறாள்.

தெருவே கூடிப் பார்த்தது. காயப்போட்ட துணிபோலத் தொங்கியவனுக்கு என்ன மரியாதை மிச்சம்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து அவசியம் கழற்றவும். இன்னொன்று. அந்த வளையத்தை முடுக்கிய அன்று நீலச் சட்டை போட்டிருந்தீர்கள், இரண்டாவது பொத்தான் இல்லை, வலது காதில் பென்சில். எதில் உங்களைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்பது மட்டும் எனக்கு நினைவு வரவில்லை. எனக்கா நினைவு வராது?

மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் ஆசி, கால் தரையில் இருக்கும் நேரமெல்லாம்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: இது அத்தை. முடிச்சைப் பழையபடி போட்டுவிட்டேன். கடிதத்தை ஒட்டப்போகும்போது இவர் திரும்பி வந்து நிற்கிறார். கழற்ற வேண்டாமாம். "கடைசி நட்டைக் கழட்டுறப்போ மாப்பிள்ளை எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, கேட்டு எழுது" என்கிறார். வளையம் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் சாப்பிட மட்டும் வாருங்கள். வாசல் வழியாக.