கீரி வாங்கிய தாமதப் பெட்டி

ஒரு காட்டில் எல்லாப் பிராணிகளிடமும் கார் இருந்தது. சாலைதான் இல்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். கோடையில் ஏரி வற்றித் தரை இறுகியதும் அங்கே வருஷாவருஷம் கார் பந்தயம் நடக்கும்.

அந்தக் காட்டில் பிச்சாண்டி என்றொரு கீரி இருந்தது. நல்ல கீரி, யார் வம்புக்கும் போகாது. அதற்கு இருந்த ஒரே வியாதி அதன் சகலை. அந்தச் சகலைக் கீரியின் பெயர் ஏகாம்பரம். மாமனார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் பந்தியில், மாமனாருக்குப் பக்கத்து இலை ஏகாம்பரத்துக்குத்தான். பிச்சாண்டி கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிடுவார்கள். போன காதுகுத்தில் ஏகாம்பரம் இலையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சகலை, அடியிலேர்ந்து நல்லா கலக்கி ஊத்துங்க" என்றது. பிச்சாண்டிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த வருஷம் பந்தயத்தில் இவனைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டது.

அதற்காகத்தான் காரில் நைட்ரஸ் வைத்தது. நைட்ரஸ் என்பது சிலிண்டரில் அடைத்த ஒரு வாயு. பொத்தானை அமுக்கினால் எஞ்சினுக்குள் பாயும், பெட்ரோல் வெறிபிடித்தாற்போல் எரியும், கார் பறக்கும். இதைக் கேட்டதும் பிச்சாண்டியின் மனைவி பொற்கொடி வளைவாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டது.

"இது எங்கப்பா எனக்குக் குடுத்த கார். நீங்க பறங்க, மிதங்க, என்னவோ பண்ணுங்க. பிஸ்டன்ல ஓட்டை விழுந்துச்சுன்னு மட்டும் வந்து நிக்காதீங்க. அன்னிக்கு இந்தக் கதவு திறக்காது."

பொற்கொடி சொன்னால் சொன்னதுதான். பிச்சாண்டி நேரே உடும்பு உமாபதியின் சாமான் கடைக்கு ஓடியது. அந்தக் கடைக்குள் நுழைந்தவர் எதையாவது வாங்காமல் வெளியே வந்ததில்லை. உடும்பு அல்லவா, பிடித்தால் விடாது.

"பிஸ்டன் ஓட்டையாகாம இருக்க என்னங்க பண்ணணும்?" என்று கேட்டது பிச்சாண்டி.

"பொறியைத் தாமதப்படுத்தணும்" என்றது உடும்பு. "நைட்ரஸ் உள்ள வந்தா எல்லாம் சீக்கிரமா எரியும். பிளக்குல பொறி எப்பவும் விழற நேரத்துலயே விழுந்தா, பிஸ்டன் மேல ஏறி முடிக்கறதுக்குள்ள வெடிச்சு அது மண்டையிலயே போடும். பொறி கொஞ்சம் பிந்தி விழுந்தா எல்லாம் சரியா இருக்கும். பிந்த வைக்கறதுக்குத்தான் இந்தப் பெட்டிங்க."

மூன்று பெட்டிகளை எடுத்துப் பரப்பியது. ஒன்று வெறும் கறுப்புப் பெட்டி, ஒரே ஒரு திருகு. திருகி வைத்த அளவுக்குப் பொறி பிந்தும், அவ்வளவுதான். அடுத்தது, வாயு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் தானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்த வைக்கும். மூன்றாவதில் நீலவிளக்கு, சிவப்புவிளக்கு, செல்போனில் செயலி எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவை வண்டியைக் கிளப்பும்போதும் ஓடிபி கேட்கும். காட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கழுகு கூடு கட்டியிருந்த பாறை உச்சி.

"உங்க வண்டியில வாயு எப்படி வரும்? ஒரேயடியாவா, படிப்படியாவா?"

"பொத்தானை அமுக்கினா மொத்தமா வந்துடுங்க."

"அப்போ கறுப்புப் பெட்டியே போதும். மத்ததெல்லாம் உங்களுக்கு தண்டம்."

கடைக்காரன் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வருமா! பிச்சாண்டி கண்கலங்கிப்போய் கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தது. உடும்பு சொன்ன அளவில் திருகி, இரண்டு தரம் சரிபார்த்து, எஞ்சினோடு பொருத்தியது.

பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கச் செய்தி. "பந்தயத்துக்குப் போறவன் தாமதப் பெட்டி வாங்கியிருக்கானாம்!" என்று மரத்துக்கு மரம் குரங்குகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. ஆமைகூட வழிமறித்து, "எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லிக்குடுத்திருப்பேனே தம்பி" என்றது. பிச்சாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பெட்டியைக் கழற்றவில்லை. கதவு திறக்க வேண்டுமே!

ஏகாம்பரம் சும்மா இருக்குமா? அதுவும் நைட்ரஸ் வைத்தது. அதுவும் உடும்பு கடைக்குப் போனது. "இருக்கறதுலயே பெரிசு எது?" என்று கேட்டு விளக்குப் பெட்டியை வாங்கிவந்து, வாழைமரம் கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, தடபுடலாகப் பூஜை போட்டது. புதுச்சாமான் எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டார்கள் அந்த வம்சத்தில். மனசும் தாராளம், கையும் தாராளம். பெட்டி முழுக்க ஒரு விரற்கடைக்குச் சந்தனம் அப்பியாயிற்று.

பிச்சாண்டிக்கு மனசு கேட்கவில்லை. என்ன இருந்தாலும் சகலை. "அண்ணே, தாமதத்தை எவ்வளவுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டது.

"திருகு சந்தனத்துக்குக் கீழ எங்கயோ இருக்கு. காய்ஞ்சுபோச்சு, இனிமே சுரண்டினா சாமிகுத்தம்" என்றது ஏகாம்பரம். "தவிரவும் எங்க வம்சத்துல யாரும் தாமதமா வந்ததில்ல, சகலை."

பந்தய நாள் வந்தது. பந்தயம் முடிகிற கோட்டருகே யானை நடுவராக நின்றது. மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏகாம்பரம் பாறை உச்சிக்கு ஓடி ஓடிபி வாங்கி வந்ததும் கொடி அசைந்தது. இரண்டு கார்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சீறின. பாதித் தூரத்தில் இரண்டு கீரிகளும் பொத்தானை அமுக்கின. பிச்சாண்டியின் எஞ்சின் சுகமாக உறுமியது. பொறி பிந்தி விழுந்தது, கார் முந்தி ஓடியது. ஏகாம்பரத்தை ஒரு கார் நீளம் பின்னால் தள்ளிவிட்டது. அட, ஜெயித்துவிட்டோம் என்று பிச்சாண்டி மீசையை முறுக்கிக்கொண்டது. கோடு இதோ, கண்ணெதிரே!

டமார்!

ஏகாம்பரத்தின் எஞ்சின் வெடித்தது. பிஸ்டன் ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம் பறந்தன. பானெட்டு மட்டும் பிய்த்துக்கொண்டு கிளம்பி, பிச்சாண்டியின் தலைக்குமேல் போய், கோட்டைத் தாண்டி யானையின் காலடியில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பிச்சாண்டி கோட்டைத் தாண்டியது.

"ஜெயிச்சது ஏகாம்பரம்!" என்றது யானை.

"ஐயா, வந்தது பானெட்டுதானுங்களே!"

"என் தும்பிக்கை முதல்ல கோட்டைத் தாண்டினா நான் ஜெயிச்சேனா, இல்லையா?"

"தும்பிக்கை உங்க உடம்போட ஒட்டியிருக்குங்களே..."

"அத்துப் பாக்கலாம்கிறியா?"

கரிபிடித்த முகத்தோடு நின்ற ஏகாம்பரத்துக்கு மாமனாரே ஓடிவந்து மாலை போட்டார்.

போகட்டும், எஞ்சின் பிழைத்ததே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பிச்சாண்டி வீட்டுக்கு வந்தது. வளைவாசலில் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, "பொற்கொடி, வந்து பாரேன். ஒரு கீறல்கூட இல்ல" என்று பெருமையாகக் கூப்பிட்டது.

பொற்கொடி வந்து எஞ்சினைப் பார்த்தது. புருஷனைப் பார்த்தது. பொலபொலவென்று கண்ணீர் விட்டது.

"எங்கக்கா வீட்டுக்காரர் அவளுக்காக எஞ்சினையே காவு குடுத்து ஜெயிச்சிருக்கார். எனக்காக ஒரே ஒரு ஓட்டை போட உங்களுக்கு மனசு வரலையே!"

கதவு சாத்திக்கொண்டது.

நீதி: எஞ்சினைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பவனுக்கு இரண்டாம் இடம், கோட்டுக்குச் சற்று முன்னால் வெடிக்கவிடுபவனுக்கு மாலை. ஆகையால் பெட்டி வாங்கும்போது "எஞ்சினைக் காப்பாற்றுமா?" என்று கேளாதே, "எந்த இடத்தில் வெடிக்கும்?" என்று கேள்.