தாய்மாமன் வாங்கிய சேவல்

ஜோகன்னஸ்பர்க்கில் பாடுபட்டுக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த எலூபி அக்காவுக்கு, சிம்பலாங்கா கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் தலைவனும் உன் ஒரே தம்பியுமான லமேக் பணிவோடு எழுதுவது. நீ சுகமாக விழித்திருந்தால் நானும் சுகமாகவே விழித்தேன். மழை பரவாயில்லை. சோளம் இடுப்பளவு நிற்கிறது. உன் ஆடு குட்டி போட்டிருக்கிறது.

நிற்க. மாவு மில் ஜைலோசியின் தங்கை உனக்குப் போன் போட்டு ‘சம்பந்தியம்மா’ என்று கூப்பிட்டாளாம், நீ எஜமானியம்மாவின் பீங்கான் தட்டைக் கீழே போட்டு உடைத்தாயாம், அன்றைக்கே எனக்குப் போன் செய்து நீ திட்டிய திட்டு இன்னும் காதில் ஒலிக்கிறது. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. ஆகையால்தான் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படி, அதற்குள் பஸ் ஏறிவிடாதே. நீ என் வீட்டில் விட்டுப்போன உன் மகள் தமாண்டாவுக்குக் கல்யாணம் எதுவும் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளையை நாற்பது வயது மில்காரனுக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்துப் பேசுகிறவனே நான்தானே!

நடந்தது இவ்வளவுதான். லிலோங்வேயிலிருந்து தொண்டு நிறுவனத்தார் எங்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வருவதாக இருந்தது. மதியச் சாப்பாடு நம் பொறுப்பு. பெண்கள் மாவும் பீன்சும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் பட்டணத்து விருந்தாளிகளுக்குச் சோளக்களியோடு வெறும் பீன்சை வைத்தால் மானம் போகாதா? கறிக்கு என்ன செய்வது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவர் கலியாட்டி, பக்கத்தில் ஒரு ஆளோடும் கக்கத்தில் ஒரு சிவப்புச் சேவலோடும் வந்து பாயில் உட்கார்ந்தார். அந்தச் சமயம் பார்த்து நிறுவனத்து அதிகாரி தோகோசானி போனில் வந்துவிட்டாள், பேனர் எங்கே கட்டுவது, நாற்காலி எத்தனை என்று விடாமல் கேட்கிறாள். பெரியவர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன். நிலக்கடலையைப் பற்றிச் சொன்னார், தலையாட்டினேன். அதற்கப்புறமும் ரொம்ப நேரம் சொன்னார், நான் அதற்கும் தலையாட்டினேன். “உங்க கையாலயே வாங்கிக்கணும், தம்பி” என்று சேவலை நீட்டினார். கடவுளே அனுப்பிய கறி என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் ஜைலோசிக்குத் தாய்மாமன் என்பதும், கூட வந்த ஆள் சாட்சி என்பதும் அப்போது என் மூளைக்கு எட்டவே இல்லை. கல்யாணச் சேவலைப் பெண்ணின் தாய்மாமன் தன் கையால் வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்பதும், தின்றுவிட்டால் எல்லாமே முடிந்தது என்பதும் உனக்குத் தெரியாததா? போதாக்குறைக்கு, நிறுவனத்தார் கொடுத்த ‘சிறுமி மணமகள் அல்ல’ பனியனைத்தான் அன்றைக்கு நான் போட்டிருந்தேன்.

பயிற்சி அமோகமாக நடந்தது. சேவலைக் குழு மொத்தமும் தின்றது. பெரிய மனிதருக்கென்று ஒதுக்கும் இரைப்பை, தலைவன் என்பதால் எனக்கு வந்தது. தோகோசானி ஒரு காலைக் கடித்துக்கொண்டே சிறுமிகளின் உரிமையைப் பற்றி உருக்கமாகப் பேசினாள், நாங்கள் கை தட்டினோம்.

மறுவாரம் குழுக் கூட்டத்தின் நடுவில் ஜைலோசி புதுச் சட்டையும் எண்ணெய் வழியும் தலையுமாக வந்து, “மாமா, சேவல்தான் வாங்கிட்டீங்களே, தேதி எப்ப வச்சிக்கலாம்?” என்றான். அன்றைக்கு எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்னையர் குழுவின் தலைவி டோரிக்காவை உனக்குத் தெரியும், குரலிலேயே சோளம் இடிப்பவள். “என்ன தேதி? எந்தச் சேவலு? அன்னிக்கு நாம தின்னதா?” என்று என் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்த தமாண்டா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“மாமா, எனக்குப் பரீட்சை இருக்கே” என்றாள். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. நான் அவளுக்குப் பதில் சொல்லாமல், இன்னும் கழற்றாத பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. எனக்கே வெட்கமாக இருந்தது.

சட்டம் நம் பக்கம்தான். போலீசுக்குப் போகலாம். ஆனால் போனால் முதலில் இரைப்பை தின்றவனைத்தான் பிடிப்பார்கள். ஆகவே சந்தையில் இருந்ததிலேயே கொழுத்த வெள்ளைச் சேவலாகப் பார்த்து வாங்கிக்கொண்டு கலியாட்டி வீட்டுக்குப் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. “நான் குடுத்தது செவப்பு. அதைக் கொண்டாங்க” என்றார்.

“அதைத் தின்னாச்சே, பெரியவரே!”

“அப்ப பொண்ணைக் கொண்டாங்க.”

நான் வாடிய முகத்தோடு திரும்பி வந்து டோரிக்காவிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணே, அந்தச் சேவல்ல தமாண்டா ஒரு துண்டு தின்னாளா? அவ அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல இல்ல இருந்தா? தின்னது நாங்க. அப்ப கல்யாணப் பொண்ணு யாரு?” என்றாள்.

மறுநாள் காலையில் அன்னையர் குழு மொத்தமும் பாய், பானை, துடைப்பத்தோடு குலவையிட்டுக்கொண்டு ஜைலோசியின் மில்லுக்குப் போய் முற்றத்தில் பாயை விரித்துவிட்டது. பல்லே இல்லாத நசிவேலோ கிழவிதான் முதலில் பேசினாள். “மாப்ள, நான் முதுகுத் துண்டு தின்னேன். எனக்கு எந்த ரூம்பு?” டோரிக்காவின் புருஷன் பின்னாலேயே ஓடிவந்து, “நானும் ஒரு இறக்கை தின்னேன்யா, என்னையும் சேத்துக்க” என்றான். ஜைலோசி முதலில் சிரித்தான். அப்புறம் அவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த சோளத்தை இறக்கி, “பொண்டாட்டிங்ககிட்ட அரவைக்கூலி வாங்குவியா?” என்று வரிசையில் நின்றபோது சிரிப்பு நின்றது. செய்தி பரவி, சேவலைக் கண்ணால்கூடப் பார்க்காத பெண்கள் எல்லாம் குழம்பு தொட்டுத் தின்றதாகச் சொல்லிக்கொண்டு மூட்டையோடு வந்துவிட்டார்கள். டீசல் தீர்ந்தது, கல் தேய்ந்தது, ஒரு காசு வரவில்லை. பொழுது சாய்வதற்குள் கலியாட்டியே என் வீடு தேடி வந்து, ஊர்த் தலைவர் முன்னால் வெள்ளைச் சேவலை வாங்கிக்கொண்டு, “இனி இந்தப் பேச்சு இல்ல. இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்” என்றார்.

தோகோசானி போன் செய்து பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்டாள். பெண்களின் பங்கேற்பு பிரமாதம் என்றேன்.

ஆகவே நீ வரவேண்டிய அவசியமே இல்லை. தமாண்டா என் கண் பார்வையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். நான் உயிரோடு இருக்கிறவரை அந்தப் பிள்ளையை யாரும் அசைக்க முடியாது. உடைந்த தட்டுக்கு எஜமானியம்மாவிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள். நம் முன்னோர்கள் உன்னை எந்தக் குறையுமில்லாமல் காக்கட்டும்.

அன்புத் தம்பி,
லமேக்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் டோரிக்கா குழுவோடு வந்துவிட்டாள். “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பரீட்சை முடியறவரைக்கும் தமாண்டா எங்க வீட்ல இருக்கணும்னு குழு முடிவு பண்ணிருக்கு” என்றாள். தலைவர் இல்லாமல் எந்தக் குழு கூடியது என்று கேட்டேன். “நீங்க இல்லாத நேரமாப் பாத்துத்தான் கூடினோம். உங்களைப் பத்தித்தானே பேச்சு?” என்றாள். பிள்ளை போகமாட்டேன் என்று சொல்வாள் என நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டிருந்தாள். “நான்தான் மாமா குழுவுல மனு குடுத்தேன். இங்க யாராவது கதவைத் தட்டினா எனக்குப் படிப்பு ஓட மாட்டேங்குது” என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். ரொம்ப வலித்தது, அக்கா. ஆனால் ஒரு குழந்தை வந்து இப்படிச் சொன்னால் அதை நம்பு, அது கேட்கிற இடத்தில் கொண்டுபோய் விடு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் பாயை நானே சுமந்துகொண்டு போய் விரித்துவிட்டு வந்தேன். நீ பஸ் ஏறு. நேராக டோரிக்கா வீட்டுக்குப் போ.