ரகுபதி காவல் காத்த பரங்கிக்காய்

உயிரே போனாலும் அந்தப் பரங்கிக்காயை விட்டுக்கொடுப்பதில்லை என்று ரகுபதி முடிவு கட்டிவிட்டான். கூரைமேல் படர்ந்து, கூரையையே உட்கார வைத்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் பெருத்த காய். பொங்கலுக்கு அதை முழுசாகக் கொண்டுபோய் சூப்பர்வைசர் தேவராஜன் வீட்டில் இறக்கிவிட்டால் நைட் ஷிப்டிலிருந்து விடுதலை நிச்சயம். மூன்று வருஷமாக ஆந்தையோடு சேர்ந்து கண் விழிப்பவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

ஆனால் அவன் மனைவி ஸ்ரீமதி, ஒரகடம் பால்வாடியில் டீச்சர்.

"பசங்களுக்குப் பாடம் நடத்தணும். அந்தக் காயக் குடுங்க."

"பரங்கிக்காயில இன்னா பாடம்?"

"ஜாஸ்மினுக்குக் கண்ணு தெரியாது, தடவிப் பாத்துக் கத்துக்கும். பாலாஜிக்குக் கையில பிடிப்பு இல்ல, உருட்டிக்கினு வெளையாடும். கார்முகிலு சேந்து ஆறு மாசம் ஆவுது, இன்னும் வாயே தொறக்கல. எல்லாம் ஒண்ணா செய்யற மாதிரி ஒரு பாடம் வேணுங்க."

"வெட்டிட்டன்னா?"

"வெட்ட மாட்டேன்."

"கத்தியே உள்ள வரக் கூடாது!"

"வராது."

"நானும் வருவேன். காவலுக்கு."

"தாராளமா வாங்க."

கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சீக்கிரம் அடங்கியதில்லை. ரகுபதி மீசையைத் தடவிக்கொண்டான்.

சனிக்கிழமை சைக்கிளில் காயைக் கட்டி எடுத்துப் போய், பிள்ளைகள் நடுவே இறக்கி, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாலாஜி முழங்கையால் அதை உருட்டினான். ஜாஸ்மின் வரி வரியாகத் தடவினாள். பிறகு காதை வைத்துத் தட்டினாள்.

"டீச்சர், டம்டம்முங்குது! உள்ள இன்னா கீது?"

"மாமாவக் கேளும்மா."

பதினாலு முகமும் ரகுபதி பக்கம் திரும்பியது. விதை இருக்கும் என்றான். எத்தனை என்றாள் ஜாஸ்மின். அப்போது சுவரோரம் இருந்த கார்முகில் எழுந்து வந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொற," என்றாள்.

ஸ்ரீமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரகுபதி துள்ளி எழுந்தான். நைட் ஷிப்டாவது, தேவராஜனாவது!

"கத்தி எங்கடி?"

"நீங்கதான கொண்டாரக் கூடாதுன்னீங்க?"

வாசலில் சைக்கிள் நிற்பதையும் மறந்து வீட்டுக்கு ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, தன் கையாலேயே வெட்டினான். பாலாஜி உள்ளங்கையை விட்டுக் குடைந்தான். ஜாஸ்மின் விதைகளை எண்ணத் தொடங்கினாள். கார்முகில் "இன்னும்" என்று இரண்டாவது வார்த்தையையும் செலவழித்தாள். தான் பெற்ற பிள்ளையே பேசியதுபோல ரகுபதி பூரித்துப் போனான்.

கை துடைக்கத் துணி தேடினான். மேசைமேல் ஸ்ரீமதியின் பாடக் குறிப்பு நோட்டு விரிந்து கிடந்தது. போன திங்கட்கிழமை தேதி போட்டு, முத்து முத்தாக எழுதியிருந்தாள்:

"சனிக்கிழமை: தடவுதல், உருட்டுதல், தட்டுதல், விதை எண்ணுதல். கத்தி: வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்து வருவார்."